லான் அக்காவோடு திருவனந்தபுரத்தில் நான்கு நாள்

திருவனந்தபுரத்தில் நாங்கள் ஏறிய முதல் பேருந்தே தவறான பேருந்து. பெயர்ப்பலகை முழுக்க மலையாளம். ரயில் நிலையத்துக்கு வெளியே நின்ற ஒருவரிடம் "கரமனை போகுமா?" என்று தமிழில் கேட்டேன். அவர் தலையை ஒரு மாதிரி ஆட்டினார். ஆம் என்கிறார் என்று நானாக எடுத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் மழை பிடித்தது. அந்தப் பேருந்தில் சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. சுருட்டிக் கட்டியிருந்த படுதாவை இறக்கிவிட்டார்கள். உள்ளே இருட்டு. எந்த ஊர் வழியாகப் போகிறோம் என்று பார்க்கவும் வழியில்லை. நெரிசலில் நடத்துனர் எங்களிடம் வந்து சேர்வதற்குள் நகரம் முடிந்துவிட்டது.

கரமனை என்றதும் அவர் சிரித்தார். கரமனை அந்தப் பக்கம், நீங்கள் போவது இந்தப் பக்கம் என்று கையால் காட்டி, மரவள்ளித் தோட்டத்துக்குப் பக்கத்தில் எங்களை இறக்கிவிட்டார். எனக்கு அழுகை வராத குறை. லான் அக்கா துணிப்பையைத் தன் மேல்சட்டையால் மூடிக்கொண்டு, "பரவாயில்லை எம், ஊரைப் பார்க்காமலே ஊரைச் சுற்றிவிட்டோம்" என்றார்.

'எம்' என்றால் வியட்நாமிய மொழியில் தங்கை. நான் புதுச்சேரிக்காரி, ஆனால் பிறந்து வளர்ந்தது சைகோனில். அப்பா அங்கே துணிக்கடை வைத்திருந்த தமிழர். அம்மா அந்த ஊர்ப் பெண். போர் முடிந்த மறு ஆண்டு கையில் ஒரு பெட்டியோடு அப்பாவும் நானும் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தோம். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். நான் ஒரு நோத்தேர் அலுவலகத்தில், அதாவது பிரெஞ்சு முறைப்படி பத்திரம் எழுதிப் பதிகிறவரிடம், தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் பாரிஸிலிருந்து வந்த லான் அக்கா அங்கேதான் என்னைக் கண்டுபிடித்தார். அவருக்கு வியட்நாமிய மொழியும் பிரெஞ்சும் மட்டும்தான் தெரியும். திருவனந்தபுரத்துக்கு ஒரு துணை வேண்டும், நீ வருவாயா என்று கேட்டார். ஐந்து ஆண்டுகளாக நான் அம்மாவின் மொழியை யாரோடும் பேசவில்லை. அதைக் கேட்ட மயக்கத்திலேயே சரி என்றுவிட்டேன்.

அவர் கையில் ஒரு மனு இருந்தது. வியட்நாமில் தேர்தல் முறையாக நடக்க வேண்டும், மூடிய பத்திரிகைகளைத் திறக்க வேண்டும், விசாரணை இல்லாமல் முகாம்களில் வைத்திருப்பவர்களை விட வேண்டும் என்று ஹனோய் அரசைக் கேட்கும் மனு. முகாமில் இருந்தவர்களில் ஒருவர் அவர் கணவர் குவாங். அமெரிக்கர்கள் கையெழுத்துப் போட்டால் ஹனோய் அதைக் குப்பையில் போடும் என்பது லான் அக்காவின் கணக்கு. போர்க்காலத்தில் வியட்நாமுக்காகத் தெருவில் நடந்தவர்கள் கையெழுத்துப் போட்டால் அப்படிப் போட முடியாது. அப்படி நடந்தவர்களைத் தேடித்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்.

கரமனையில் எங்களை அழைத்தவர் மீனாட்சி. பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பவர். லான் அக்காவுக்காக ஒரு தோழி எழுதிய ஆங்கிலக் கட்டுரையைப் பத்திரிகையில் படித்துவிட்டு, வாருங்கள், என் கணவர் ஆள் சேர்த்துத் தருவார் என்று கடிதம் எழுதியிருந்தார். ஆற்றுக்குப் பக்கத்தில் இரண்டு வரிசையாக ஒட்டி ஒட்டி வீடுகள் இருந்த தெருவில் அவர் வீடு. நனைந்துபோய் நின்ற எங்களைப் பார்த்ததும், "வழி தெரியாம அலைஞ்சேளா? உள்ளே வாங்கோ, முதல்ல தலையைத் துடைங்கோ" என்றார். தமிழ் காதில் விழுந்ததும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை அந்தத் தமிழ் எனக்குப் பிடிபடாமல் நழுவியது.

குடிக்க வெந்நீர் கொடுத்தார்கள். இளஞ்சிவப்பாக இருந்தது. லான் அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தேநீரா என்று என்னைக் கேட்டார். நான் மீனாட்சியைக் கேட்டேன். ஒரு மரத்துச் செதில் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர், இங்கே எல்லா வீட்டிலும் இதுதான் என்றார். சோறு சிவப்பு, பருமன். ஒவ்வொரு பருக்கையும் தனியாக நின்றது. அவியலில் தேங்காய் எண்ணெய் மணம், கூடவே வாழைத்தண்டுப் பொரியல். லான் அக்கா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சைகோனை விட்டு வந்த பிறகு வாழைத்தண்டு சாப்பிடுவது இதுதான் முதல் தடவை என்றார்.

மாலையில் அடுத்த வீட்டு அம்மாள் விருந்தாளியைப் பார்க்க வந்தார். லான் அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம், "இவாளுக்குக் கல்யாணம் கழிஞ்சுதோ?" என்று கேட்டார். இது என்ன கேள்வி என்று திகைத்தேன். ஆனாலும் மொழிபெயர்க்கத்தானே வந்திருக்கிறேன்? உங்கள் திருமணம் முடிந்துபோய்விட்டதா என்று கேட்கிறார்கள் என்றேன்.

லான் அக்காவின் முகம் மாறிவிட்டது. பிறகு, "இல்லை. முடியவில்லை என்று சொல். நான் இன்னும் காத்திருக்கிறேன்" என்றார்.

அதை அப்படியே சொன்னேன். அந்த அம்மாள் மிகவும் பரிதாபப்பட்டு, அம்பது வயசாகியும் ஒரு வரன் அமையவில்லையா, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கச் சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் மீனாட்சி சிரித்துக்கொண்டே விளக்கினார்: இங்கே கழிந்தது என்றால் ஆகிவிட்டது என்று பொருள். சிரிப்பு அடங்கியபோது லான் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்து வந்த கண்ணீர்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

மீனாட்சியின் கணவர் சங்கரன் ஒரு வங்கியில் குமாஸ்தா. ஊழியர் சங்கத்துக்குச் செயலாளர். உயரமான, கலகலப்பான மனிதர். போர்க்காலத்தில் வீடு வீடாகப் போய்ப் போர்வையும் மருந்தும் சேகரித்து வியட்நாமுக்கு அனுப்பியதை அன்று மாலை ஆர்வமாகச் சொன்னார். ஊர்வலத்தில் தடியடி பட்டு ஒடிந்த இடது கட்டைவிரல் இன்னும் மடங்காது. அதை நீட்டிக் காட்டி, "இது உங்க நாட்டுக்காக ஒடிஞ்ச விரலாக்கும்" என்றார். நான் மொழிபெயர்த்ததும் லான் அக்கா இரண்டு கையாலும் அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை மாலை பக்கத்து வாசகசாலையில் கூட்டம். அறுபது பேர் இருக்கலாம். பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். மேடையில் ஏறியதும் லான் அக்கா நின்றுவிட்டார். பின்சுவரில் ஒரு பெரிய கொடி தொங்கியது. சிவப்புத் துணி, நடுவில் மஞ்சள் நட்சத்திரம். ஹனோயின் கொடி. தையற்காரரிடம் சொல்லித் தானே தைத்து வாங்கியது என்று சங்கரன் பெருமையாகச் சொன்னார். நட்சத்திரத்தின் ஒரு முனை சற்றே சாய்ந்திருந்தது.

"இது எதற்கு?" என்று லான் அக்கா என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். மீனாட்சியைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் கேமராவோடு உட்கார்ந்திருந்த நிருபர் வந்து என் பெயரைக் கேட்டார். எழுத்துக்கூட்டிக் குறித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

லான் அக்காவிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை. என் தம்பி இன்னும் சைகோனில்தான் இருந்தான். அங்கேயே பெண் கட்டியவன். எங்களோடு வர மறுத்துவிட்டான். மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதுவான். ஒவ்வொரு உறையும் பிரித்து ஒட்டப்பட்டுத்தான் என் கைக்கு வரும். அந்த அரசை எதிர்த்து அவன் அக்கா மேடையில் பேசினாள் என்று பத்திரிகையில் வந்தால்?

ஏற்பாடு இப்படி: லான் அக்கா வியட்நாமிய மொழியில் பேசுவார், நான் தமிழில் சொல்வேன், மீனாட்சி மலையாளத்தில் சொல்வார். லான் அக்கா நன்றியோடு தொடங்கினார். சைகோன் தெருக்களில் நாங்கள் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது, இந்தியாவில் ஏதோ தொலைதூர நகரத்தில் எங்களுக்காக மக்கள் நடந்ததாக ஒரு துண்டுச் செய்தி வந்தது. என் கணவர் அதை வெட்டிப் பணப்பையில் வைத்திருந்தார் என்றார். கைதட்டல் எழுந்தது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"என் கணவர் சிறையில் இருக்கிறார். அன்று அவரை அடைத்தது பழைய அரசு. இன்று அடைத்து வைத்திருப்பது, நீங்கள் எதற்காக நடந்தீர்களோ அந்த அரசு."

நிருபரின் பென்சில் தயாராக நின்றது. என் வாய் திறந்தது, சொன்னது வேறு. "அவங்க கணவரைச் சிறையில அடைச்சாங்க. அவருக்காக இன்னும் காத்துக்கிட்டிருக்காங்க."

மீனாட்சி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மலையாளத்தில், நான் சொன்னதைவிட நீளமாக ஏதோ சொன்னார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பின்னால் யாரோ வியட்நாமை வாழ்த்தி முழக்கமிட்டார். சங்கரனின் கண்கள் கலங்கியிருந்தன.

"எதற்குக் கைதட்டுகிறார்கள்?" என்று லான் அக்கா கேட்டார்.

உங்கள் துணிச்சலுக்கு என்றேன். அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். மனுவை மலையாளத்தில் எழுதிய பிறகு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று சங்கரன் சொல்லிவிட்டதால் கூட்டம் அதோடு கலைந்தது. என்ன நடந்தது என்று எனக்கே விளங்கவில்லை. லான் அக்கா சொன்னதில் பாதியை நான் விட்டுவிட்டேன். ஆனால் மீனாட்சி சேர்த்தது என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை அது விளங்கியது. புட்டும் கடலையும் இலையில் இருந்தன. மீனாட்சி பத்திரிகையை விரித்தவர் அப்படியே மடித்து மடியில் வைத்துக்கொண்டார். லான் அக்கா கையை நீட்டி வாங்கினார். எழுத்து புரியாவிட்டாலும் படம் புரியுமே. கொடிக்கு நேர் கீழே, கைகூப்பி அவர். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பழைய ஆட்சியின் சிறையில் கணவரை இழந்த வீராங்கனை புதிய வியட்நாமை வாழ்த்தினார் என்று மீனாட்சி வாசித்தார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. இந்த முறை ஒரு சொல் விடவில்லை.

லான் அக்கா புட்டை ஒதுக்கி வைத்தார். "இந்தப் படம் அவர்களுடைய தூதரகத்துக்குப் போகும். அங்கிருந்து முகாமுக்குப் போகும். உன் மனைவி நம் கொடியின் கீழ் நிற்கிறாள், உன்னைச் செத்தவன் என்றுவிட்டாள் என்று அவரிடம் காட்டுவார்கள்."

மேடையில் நான் எதை விட்டுவிட்டு மொழிபெயர்த்தேன் என்பதைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

தம்பி என்றேன்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாம் எம். உன்னை அழைத்து வந்திருக்க மாட்டேன்."

அதன் பிறகு மதியம் வரை என்னோடு பேசவில்லை. மீனாட்சியோடு உட்கார்ந்து பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். மீனாட்சி என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய்த் தன் பங்கைச் சொன்னார். யார் அடைத்தது என்று நான் விட்டுவிட்டதை, அன்றைய அரசு என்று அவர்தான் நிரப்பியிருக்கிறார்; இன்னும் திரும்பவில்லை என்றதை நிருபர் இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். மனு யாரை எதிர்த்து என்று கணவரிடமும் சொல்லியிருக்கவில்லை. போரின்போது சிறை சென்றவரின் மனைவி வருகிறார் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாராம். "பொய் சொல்லணும்னு இல்லை, கேட்டேளா. அவர் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமா உக்காந்திருந்தார். எப்படிச் சொல்றது?" என்றார்.

சங்கரன் வெளியிலிருந்து பத்திரிகையின் பல பிரதிகளோடு வந்தார். மீனாட்சி அவரை நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். அவர் என் பக்கம் திரும்பினார். "அவா நேத்து என்ன சொன்னா? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் முகம் கறுத்தது. அமெரிக்காக்காரன் சொல்வதையே இவரும் சொல்கிறார், இதற்கா நான் ஆள் கூட்டினேன் என்று மனைவியிடம் கோபப்பட்டார். அவர் என்ன சொல்கிறார் என்று லான் அக்கா கேட்டார். அதையும் முழுதாகச் சொன்னேன். அவர் எழுந்து துணிப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தையும் ஒரு கடிதத்தையும் எடுத்து வந்து சங்கரன் முன்னால் வைத்தார்.

படத்தில் கம்பி போட்ட கவுன்டர்களுக்கு முன்னால் முழுக்கைச் சட்டை போட்ட ஆட்கள் தட்டிகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சங்கரன் குனிந்து பார்த்தார். "பேங்கா?"

ஆமாம், என் கணவரும் குமாஸ்தா, சங்கச் செயலாளர் என்றார் லான் அக்கா. இது பழைய ஆட்சியில் நடந்த வேலைநிறுத்தம். இதற்காகத்தான் முதல் தடவை உள்ளே போனார். புதிய படை நகரத்துக்குள் வந்த அன்று தெருவில் நின்று அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததும் இவர்தான். கடிதம் முகாமிலிருந்து வந்தது, நான்கே வரி. நலமாக இருக்கிறேன், மலேரியா மாத்திரை அனுப்பு, கண் மங்குகிறது, கவலைப்படாதே. நானே தமிழில் வாசித்துச் சொன்னேன்.

"இரண்டு அரசுக்கும் அவர் எழுதியது ஒரே கடிதம்தான்" என்றார் லான் அக்கா. "தேர்தல் வையுங்கள், பத்திரிகையைத் திறங்கள். மேலே எழுதிய முகவரி மட்டும்தான் மாறியது."

சங்கரன் கடிதத்தைப் படத்தின் மேல் திரும்ப வைத்தார். சாப்பிடாமல், குடையும் எடுக்காமல் மழையில் இறங்கிப் போனார். பொழுது சாயும் நேரத்தில் நனைந்துகொண்டே திரும்பி வந்தவர், லான் அக்காவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்போ நான் நடந்தது தப்பா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ."

கேட்டேன். லான் அக்கா அவருடைய மடங்காத விரலைப் பார்த்தார். "தெரியவில்லை என்று சொல். நானும்தான் நடந்தேன்."

திங்கட்கிழமை சங்கரன் விடுப்பு எடுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். திருத்தம் போடுவதில் தடையில்லை, ஆனால் தவறாக மொழிபெயர்த்தவரே கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும் என்றார்களாம். ஆரியசாலையில் சங்கத்து நோட்டீஸ் அடிக்கும் அச்சகத்துக்கு எங்களை அழைத்துப் போனார். இரண்டு பக்கமும் அரிசி மூட்டைகளும் வத்தல் நெடியுமாக இருந்த சந்து அது. தெருவெல்லாம் நாகர்கோவில் பக்கத்துத் தமிழ். மனுவின் மலையாளப் படிகள் அங்கே தயாராகிக்கொண்டிருந்தன. என் பெயரில் எழுத வேண்டிய திருத்தத்தை சங்கரன் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என் முன் வைத்தார்.

லான் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம், நான் வேறு வழி பார்க்கிறேன் என்றார். வேறு வழி எதுவும் இல்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

நான் கையெழுத்தைத் தமிழில் போட்டேன். போட்ட பிறகு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஹனோயில் இதை யார் வாசிக்கப்போகிறார்கள்? அதற்காகத்தான் தமிழில் போட்டேனா? பேனாவை மூடினேன். திரும்பவும் திறந்து, கீழே சைகோன் பள்ளிக்கூடத்தில் எழுதியது போலவே என் முழுப் பெயரையும் பிரெஞ்சு எழுத்தில் எழுதினேன். பிறகு மனுவிலும் எழுதினேன். எனக்கு முன்னால் அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று மீனாட்சியுடையது. மற்றொன்றைப் போட்டபோது சங்கரன், "சங்கத்தோட பேரைப் போட எனக்கு அதிகாரமில்லை. இது என் பேர் மட்டும்" என்று சொல்லியிருந்தார்.

அன்று மதியம் முழுக்க அவர் பழைய தோழர்களின் வீடுகளுக்கு மனுவைக் கொண்டு போனார். நாங்களும் கூடவே நடந்தோம். சிலர் தேநீர் கொடுத்தார்கள், கையெழுத்துக் கொடுக்கவில்லை. ஒருவர் கதவைத் திறக்கவே இல்லை. ஒருவர் நீண்ட நேரம் சங்கரனைத் திட்டினார்; எனக்கு மலையாளம் தெரியாதது நல்லதாயிற்று. ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். லான் அக்கா பாரிஸிலிருந்து எதிர்பார்த்து வந்தது, வாசகசாலையில் கூடியது போன்ற ஒரு கூட்டம் முழுவதன் கையெழுத்தையும். ஆனாலும் அந்தத் தாளை மடிக்காமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டார்.

மாலை ரயிலுக்கு மீனாட்சியும் சங்கரனும் வந்திருந்தார்கள். வழிக்கு இலையடை கட்டிக் கொடுத்தார்கள். சங்கரன் குவாங்குக்கென்று மலேரியா மாத்திரைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். வண்டி நகரும்போது அவர் ஏதோ கூவிச் சொன்னார், சத்தத்தில் கேட்கவில்லை. என்ன சொன்னார் என்று லான் அக்கா கேட்டார். எனக்குப் புரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

திருத்தம் உள்பக்கத்தில் நாலு வரியாக வந்தது. மீனாட்சி வெட்டி அனுப்பியிருந்தார். அடுத்த சங்கத் தேர்தலில் சங்கரனை நிறுத்தவில்லை என்றும் எழுதியிருந்தார். குவாங் இரண்டு ஆண்டுகள் கழித்து வெளியே வந்தார். பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது ஒரு கண்ணில்தான் பார்வை இருந்தது. எங்கள் தாளை ஹனோயில் யாராவது பார்த்தார்களா, பார்த்ததால்தான் விட்டார்களா, யாருக்கும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இடமில்லை.

என் தம்பியிடமிருந்து மூன்று மாதமாகியும் கடிதம் இல்லை. ஐந்து மாதமாகியும் இல்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வரும் நேரத்தில் நான் அலுவலகத்தில் உட்கார முடியாமல் தவித்தேன். ஆறாம் மாதம் வந்தது. பிரித்து ஒட்டிய அதே மாதிரி உறை. வார்டு அலுவலகத்தில் ஒரு நாள் கூப்பிட்டு, இந்தியாவில் உனக்கு அக்கா இருக்கிறாளா என்று கேட்டார்கள், இருக்கிறாள் என்றேன், பெயரைக் கேட்டார்கள், சொன்னேன் என்று எழுதியிருந்தான். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. குழந்தைக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது, பார்த்தால் உன் ஜாடை தெரிகிறது என்று அடுத்த வரிக்குப் போய்விட்டான்.